மறியற்சாலை வாசலில் மௌனம் ஏன்?

(கொலன்னாவையில் தமிழ் மக்கள் மத்தியில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாம் கூடியிருக்கும் இக்கொலன்னாவைக்கும் வெலிக்கடைச் சிறை மதிலுக்கும் அதிக தூரமில்லை. காலை வேளையில் பொரளைப் பக்கமாகச் செல்வோர், பேஸ்லைன் வீதியோரத்திலே ஒரு கூட்டம் காத்து நிற்பதைக் கண்டிருப்பீர்கள். கையிலே உணவுப் பொதி, மடியிலே அடையாள அட்டை, இடுப்பிலே குழந்தை. இவர்கள் எந்தக் குற்றமும் செய்தவர்கள் அல்லர். எந்த நீதிமன்றமும் இவர்களுக்குத் தண்டனை விதிக்கவில்லை. ஆயினும் மதிலுக்கு உள்ளே இருப்பவனோடு சேர்ந்து இவர்களும் தண்டனை அனுபவிக்கிறார்கள். இன்று நாம் பேச வந்தது உள்ளே இருப்பவனைப் பற்றியல்ல. வெளியே நிற்கும் இவர்களைப் பற்றியே.

சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் ஒரு வழக்கு வந்தது. வன்னியைச் சேர்ந்த கமக்காரர் ஒருவரின் மகன் விளக்கமறியலில் இருந்தான். தகப்பனார் இரண்டு மூடை நெல்லை விற்று, இரவு பஸ்ஸில் ஏறி, விடியற்காலையில் ஒரு மறியற்சாலையின் வாசலுக்கு வந்து சேர்ந்தார். மகனைப் பார்க்க வேண்டும் என்றார். சுவரில் ஒட்டியிருந்த கடதாசியைக் காட்டினார்கள். அதில் எழுதியிருந்த மொழி அவருக்கு வாசிக்கத் தெரியாத மொழி. மதியம் வரை வெயிலில் நின்றார். அதன் பின் ஒரு காவலர் வந்து, “அப்படி ஒருவர் இங்கே இல்லை” என்று சொல்லிப் போனார். எங்கே இருக்கிறான் என்பதற்கு விடையில்லை.

அன்று மாலை அவர் நம்மைத் தேடி வந்தார். “தம்பி, வழக்கு எப்ப முடியும் எண்டு கேட்க வரேல்லை. என்ரை பிள்ளை உயிரோடை இருக்கிறானோ எண்டு மட்டும் கேட்டுச் சொல்லுங்கோ” என்றார். மூன்று நாட்களுக்கு முன்பே அவனை வேறொரு சிறைக்கு மாற்றியிருந்தார்கள் என்பதை மறுநாள் அலைந்து திரிந்துதான் அறிந்தோம். தகப்பனுக்கும் சொல்லப்படவில்லை, வழக்கை நடத்தும் சட்டத்தரணியாகிய நமக்கும் சொல்லப்படவில்லை. யாரும் அவனை அடிக்கவில்லை, பட்டினி போடவுமில்லை. சொல்லாமல் இருந்தார்கள், அவ்வளவுதான். அந்தச் சொல்லாமை ஒரு முதியவரின் ஓர் இரவை மரண இரவாக்கிவிட்டது.

இரணைமடுவிலே சிறுபோகத்துக்கு நீர் திறப்பதற்கு முன் கமக்காரரைக் கூட்டித் திகதி சொல்கிறார்கள். சொல்லாமல் மதகைத் திறந்தாலோ பூட்டினாலோ நாம் சும்மா இருப்போமா? பயிருக்குரிய தண்ணீருக்கு முன்னறிவித்தல் உண்டு. பெற்ற பிள்ளையை ஊர்விட்டு ஊர் கொண்டுபோவதற்கு அறிவித்தல் இல்லையா?

இதனைச் சொல்லும்போது நியாயம் தவறலாகாது. சிறைச்சாலைகள் திணைக்களம் பொதுமக்களோடு பேசுவதேயில்லை என்று நாம் கூறமாட்டோம். சித்திரைப் புத்தாண்டு, வெசாக், நத்தார் ஆகிய நாட்களில் உறவினர் நேரில் வந்து சந்திக்கலாம், ஒருவருக்குப் போதுமான உணவைக் கொண்டுவந்து கொடுக்கலாம் என்று பத்திரிகைகளில் அறிவிக்கிறார்கள். செப்ரெம்பர் 12 ஆம் திகதியைக் கைதிகள் தினமாக அனுட்டிக்கிறார்கள். நலன்புரி உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். அவர்களுள் மனிதாபிமானம் மிக்கவர்களையும் நாம் கண்டிருக்கிறோம். தாங்கக்கூடிய தொகைக்கு இரு மடங்குக்கும் மேலாகக் கைதிகளை அடைத்து வைத்திருக்கும் சிறைகளிலே காவலர் படும் பாட்டையும் அறிவோம். அங்கு தண்டனை பெற்றவர்களைவிடத் தீர்ப்புக்காகக் காத்திருக்கும் விளக்கமறியற்காரரே அதிகம் என்பதையும் நீங்கள் மறக்கக் கூடாது. சட்டத்தின் கண்ணில் இவர்கள் குற்றமற்றவர்கள்.

ஆனால் பண்டிகை நாளிலே பலகாரத்துக்கு வாசலைத் திறந்துவிட்டு, மறுநாள் “என் மகன் எங்கே?” என்ற கேள்விக்கு வாசலைப் பூட்டுவது மக்கள் தொடர்பு ஆகாது. எல்லாருக்கும் பொதுவாக அறிவிப்பது ஒன்று. குறித்த ஒரு தாய்க்கு அவள் பிள்ளையின் செய்தியைச் சொல்வது வேறொன்று. முன்னதைச் சலுகையாகக் கொள்ளலாம். பின்னது கடமை.

கடமை என்று எதனால் சொல்கிறோம்? ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவில் 1955 இல் ஜெனீவாவில் கூடிய மாநாடு, கைதிகளை நடத்துவதற்கான குறைந்தபட்ச விதிகளை வகுத்தது. அவ்விதிகளைத் திருத்தி, 2015 டிசெம்பர் 17 இல் பொதுச்சபை ஏற்றுக்கொண்டது. இருபத்தேழு ஆண்டுகள் சிறையிருந்த பெருமகனின் பெயரால் அவை மண்டேலா விதிகள் எனப்படுகின்றன. கைதி தன் குடும்பத்தோடு தொடர்பு கொள்ள 58 ஆம் விதி இடமளிக்கிறது. இயன்றவரை வீட்டுக்கு அண்மையிலே அவனை வைக்க வேண்டும் என்கிறது 59 ஆம் விதி. சட்டத்தரணியோடு ஒட்டுக்கேட்பின்றிப் பேச வசதி செய்யுமாறு பணிக்கிறது 61 ஆம் விதி. சிறைப்பட்டதையும், வேறு சிறைக்கு மாற்றப்பட்டதையும் உடனே குடும்பத்துக்கு அறிவிக்கக் கைதிக்கு உரிமை உண்டு என்பது 68 ஆம் விதி. கைதி இறந்தால் சிறைத் தலைவரே குடும்பத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது 69 ஆம் விதி. இவற்றுள் எதுவும் பணச்செலவு மிக்கதன்று. பெரும்பாலானவற்றுக்கு ஒரு தொலைபேசியும், தமிழும் சிங்களமும் அறிந்த ஓர் உத்தியோகத்தரும் போதும்.

நமது நாட்டுச் சட்டமும் ஊமையன்று. சிறைச்சாலைக் கட்டளைச் சட்டம் 1877 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கம். அந்தப் பழஞ்சட்டமே வெளியார் சென்று பார்வையிடும் சபைகளுக்கு இடம் வைத்தது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஒருவரைக் கைது செய்தால் 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்று 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் விதித்தது. 1987 இல் தமிழும் அரசகரும மொழியாயிற்று. 1988 இல் நிறைவேறிய 16 ஆவது திருத்தத்தின்படி, சிங்களத்தில் நிருவாகம் நடக்கும் கொழும்பிலும் தமிழ்மகன் தமிழிலே கேட்கவும் தமிழிலே பதில் பெறவும் உரித்துடையவன். எனவே வாசலிலே தமிழில் ஒரு பலகை கேட்பது யாசகம் அன்று. அரசியலமைப்பைப் படித்துக் காட்டுவதே அது.

“பாதுகாப்புக்காகவே தகவலை மறைக்கிறோம்” என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். கைதியைக் கொண்டு செல்லும் வழியையும் வேளையையும் முன்கூட்டிச் சொல்லத் தேவையில்லை. அதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். போய்ச் சேர்ந்த பின்னர் சேர்ந்த இடத்தைச் சொல்வதில் என்ன ஆபத்து? மறைப்பதிலேதான் ஆபத்து இருக்கிறது. 2020 நவெம்பர் 29 இல் மஹர சிறையில் கலவரம் மூண்டது. கொரோனா நோய்ப் பீதியும் நெரிசலும் சேர்ந்த காலம் அது. 11 கைதிகள் மாண்டார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றார்கள். வெளியே தாய்மாரும் மனைவிமாரும் வீதியில் நின்று, தம்மவர் உயிரோடு இருக்கிறாரா என்று கதறினார்கள். சிங்களத் தாயும் அங்கே நின்றாள். தமிழ்த் தாயும் முஸ்லிம் தாயும் நின்றார்கள். அந்த வாசலிலே அவர்கள் அழுகைக்கு மொழி வேறுபாடு இருக்கவில்லை. உண்மை தாமதிக்கும் வேளையில் வதந்தி ஓடிவரும் என்பதை நிருவாகம் அறியாதா?

நம்மவர்க்கோ இந்த மௌனம் இன்னும் ஆழமான காயம். 1983 யூலை 25 இலும் 27 இலும் வெலிக்கடைச் சிறைக்குள் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் அரசின் காவலிலே இருந்தவர்கள். அவர்களுடைய உடல்கள் பெற்றோரிடம் ஒப்படைக்கப்படவில்லை. அக்கொலைகளுக்காக எவரும் தண்டிக்கப்படவுமில்லை. நாற்பது ஆண்டுகள் கடந்தும், சிறை என்ற சொல்லைக் கேட்டவுடன் தமிழ்த் தாயின் வயிறு பற்றி எரிவது இதனாலேயே. மற்றோர் தாய் ஒரு நாள் பொறுப்பாள்; இவளால் ஒரு மணி நேரம் பொறுக்க முடியாது. இந்த வரலாற்றை அறிந்த அரசாங்கம் பேசுவதில் இரட்டிப்புக் கவனம் காட்டியிருக்க வேண்டும்.

தூரமும் ஒரு தண்டனை. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். 2017 இல் அநுராதபுரம் சிறையில் மூன்று தமிழ்க் கைதிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். விடுதலை கேட்டா இருந்தார்கள்? வவுனியாவிலிருந்து அநுராதபுரத்துக்கு மாற்றிய வழக்கை மீண்டும் வவுனியாவிலே விசாரிக்குமாறுதான் கேட்டார்கள். அதற்காக ஒக்ரோபர் 13 இல் வடமாகாணமே கதவடைத்தது. 2018 மார்ச்சில் கிளிநொச்சியில் நிகழ்ந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். ஆயுட்கைதி ஒருவர் மனைவியின் ஈமக்கிரியைக்குச் சில மணி நேர அனுமதியோடு கொண்டுவரப்பட்டார். திரும்பும் வேளையில் அவருடைய சிறு மகள் தானும் சிறை வாகனத்தில் ஏறினாள். சட்டம் படித்த நம்மிடம் அந்தக் குழந்தைக்குச் சொல்ல ஒரு வார்த்தையும் இருக்கவில்லை.

பிற நாடுகள் என்ன செய்கின்றன? இங்கிலாந்திலே வறிய குடும்பத்தார் சிறைக்குச் சென்றுவரும் பயணச் செலவுக்கு அரசே உதவுகிறது. இந்தியாவிலே இ-முலாக்காத் என்ற ஏற்பாட்டின் மூலம் உறவினர் முன்பதிவு செய்து, காணொளி வழியாகவும் கைதியோடு பேசலாம். அங்கும் குறைகள் உண்டு. ஆனால் குடும்பத்தைத் தொல்லையாகக் கருதாமல், கைதி திருந்தி வாழ்வதற்கு உதவும் துணையாகக் கருதும் மனம் அவ்வேற்பாடுகளில் இருக்கிறது.

ஆகவே நாம் கேட்பவை ஐந்து. ஒன்று, ஒவ்வொரு சிறை வாசலிலும் தமிழ் பேசத் தெரிந்த தகவல் உத்தியோகத்தர் ஒருவர். இரண்டு, சந்திப்பு விதிகள் யாவும் மும்மொழியிலும் வாசலிலே எழுதப்பட வேண்டும். மூன்று, இடமாற்றம், கடும் நோய், காயம், மரணம் ஆகியவற்றை 24 மணித்தியாலத்துக்குள் குடும்பத்துக்கும் சட்டத்தரணிக்கும் அறிவிக்க வேண்டும். நான்கு, வடக்கு கிழக்குக் கைதிகளை இயன்றவரை ஊருக்கு அண்மையிலே வைக்க வேண்டும். ஐந்து, ஆண்டுக்கு இரு முறையாவது சிறை அத்தியட்சகர், உறவினரையும் சட்டத்தரணிகளையும் அழைத்து அவர்கள் குறையை நேரிலே கேட்க வேண்டும்.

அரசு தரும்வரை காத்திருப்பதா? வேண்டியதில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. ஒருவரின் உயிரையும் சுதந்திரத்தையும் பற்றிய தகவலானால் 48 மணித்தியாலத்துக்குள் பதில் தர வேண்டும் என்று அது கட்டளையிடுகிறது. எழுத இயலாதவர் வாயாற் கேட்டால், அதனை எழுத்தில் வடிப்பது உத்தியோகத்தரின் பொறுப்பு. மறுத்தால் மேன்முறையீடு உண்டு. இந்த ஒரு செய்தியைக் கிராமந்தோறும் கொண்டு செல்லுங்கள். கமக்காரர் அமைப்புகளின் கூட்டங்களிலே சொல்லுங்கள். பணமில்லாதவர் 1978 முதல் இயங்கும் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம் என்பதையும் சொல்லுங்கள்.

கொழும்பு வாழ் உத்தியோகத்தர்களே, ஆசிரியர்களே, வைத்தியர்களே! உங்களுக்கு மும்மொழியும் தெரியும். அலுவலக நடைமுறையும் தெரியும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இங்கும் வாழும் நீங்கள் மாதத்தில் ஒரு காலைப்பொழுதைத் தாருங்கள். ஊரிலிருந்து வரும் ஒரு தாயோடு வாசல்வரை சென்று, அவளுக்காக ஒரு மனு எழுதிக் கொடுங்கள். நமது சட்டத்தரணிகளுக்கும் ஒரு வார்த்தை. தவணைத் திகதியைக் குடும்பத்துக்குச் சொல்லாமல் நாமும் எத்தனை முறை அலட்சியமாய் இருந்திருக்கிறோம்? அந்தக் கமக்காரரின் மகனை மாற்றிய செய்தி நமக்குத் தெரியாமற் போனதற்குச் சிறை மட்டும் காரணமன்று. அதற்கு முந்திய இரு வாரங்களாக அவனை நாம் போய்ப் பார்க்கவில்லை. மற்றவரின் மௌனத்தைக் கண்டிக்கும் நாம் நமது மௌனத்துக்கும் கணக்குச் சொல்ல வேண்டும்.

குற்றம் செய்தவனை விட்டுவிடுமாறு இன்று நாம் கேட்கவில்லை. அவனாற் பாதிக்கப்பட்டவரின் துயரையும் மறக்கவில்லை. நீதிமன்றம் விதித்த தண்டனை உள்ளே இருப்பவனுக்கு மட்டும் உரியது. அதை அவன் தாய்க்கும் பகிர்ந்தளிக்க எந்த அதிகாரிக்கும் உரிமையில்லை என்கிறோம்.

இக்கூட்டம் முடிந்து வீடு செல்லும்போது உங்களுள் பலர் அந்த மதிலைக் கடந்து செல்வீர்கள். நாளை காலையிலும் அங்கே ஒருவர் நிற்பார். அவரிடம் சென்று, “யாரைப் பார்க்க வந்தீர்கள்?” என்று கேளுங்கள். அவருக்கு வேண்டிய பதிலைச் சிறை தரும்வரை அவர் பக்கத்திலே நில்லுங்கள்.