இன்டெலா, ஏஎம்டியா? லேப்டாப் வாங்கப் போகும் முன்

(பாகாலாவில் நடந்த அங்கத்தினர் குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என் தகப்பனார் இந்தப் பாகாலா ஜங்ஷனில்தான் ரயில்வேயில் வேலை பார்த்தார். நான் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். கம்ப்யூட்டர் முறையாகப் படித்தவன் அல்ல. ஆனால் லேப்டாப் விஷயத்தில் ஒரு தப்பு செய்தேன். அதைத் திருத்தப் போய்க் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். செயலாளர், "அந்தத் தப்பையே பேசுங்கோ மாமா, நாலு பேருக்கு உபயோகமா இருக்கும்" என்றார். அதனால்தான் உங்கள் முன் நிற்கிறேன்.

2021ல் என் அக்கா பேத்திக்குத் திருப்பதியில் ஓர் இன்ஜினீயரிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. அவள் அப்பா, என் மருமான், இங்கே வைதீகம் பார்க்கிறவர். கொரோனாவில் விசேஷங்களே நடக்காமல் வருமானம் சுருங்கிப் போயிருந்த சமயம். கடையில் நின்றுகொண்டு எனக்குப் போன் செய்தார்.

"மாமா, நாப்பதாயிரத்துக்கு மேல என்னால முடியாது. ரெண்டு லேப்டாப் காட்றா. ஒண்ணு இன்டெல், இன்னொண்ணு ஏஎம்டின்னு சொல்றா. எதை வாங்கட்டும்?"

நான் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. "இன்டெல் ஸ்டிக்கர் இருக்கறதை வாங்கு. மத்தது டூப்ளிகேட் மாதிரி" என்று சொல்லிவிட்டேன். 1998ல் நான் வாங்கிய பென்டியம் கம்ப்யூட்டர் பத்து வருஷம் உழைத்தது. அந்த விசுவாசம்!

அப்புறம்தான் விவரம் தெரிந்தது. வாங்கியது ஐ3, 4 ஜிபி மெமரி, பழைய மாதிரி சுழலும் ஹார்டு டிஸ்க். வேண்டாம் என்று விட்டது ரைசன் 3, 8 ஜிபி மெமரி, எஸ்எஸ்டி. விலையில் வித்தியாசம் ஆயிரம் ரூபாய்க்குள். இரண்டாம் செமஸ்டரில் குழந்தை சொன்னாள்: "தாத்தா, இதை ஆன் பண்ணிட்டுக் குளிச்சுட்டு வந்தா சரியா இருக்கும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் லேப் வேலையை முடிக்க முடியாமல் தோழியின் ஹாஸ்டல் அறைக்குப் போய் அவள் மெஷினில் செய்து கொண்டிருந்தாள் என்று தெரிந்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. அவள் அப்பா எத்தனை வீடு ஏறி இறங்கிச் சேர்த்த பணம் அது.

"பிராண்டைத் தப்பாச் சொல்லிட்டேன்" என்று வருந்தினேன். அதுவும் தப்பு என்று பிறகு தெரிந்தது. ஒரு ரிப்பேர் கடைப் பையன் மெமரியை 8 ஜிபி ஆக்கினான், ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டான். சில ஆயிரம் ரூபாய்தான் ஆயிற்று. அதே இன்டெல் பிராசசர். மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது! ஆக, இன்டெல் பேரில் குற்றமில்லை, ஏஎம்டி பேரிலும் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்காத என் பேரில்தான் குற்றம்.

நான் "டூப்ளிகேட்" என்றேன் அல்லவா, அது எவ்வளவு அறியாமை என்று சொல்கிறேன். இன்டெல் 1968ல் தொடங்கியது, ஏஎம்டி 1969ல். இரண்டையும் ஆரம்பித்தவர்கள் ஃபேர்சைல்ட் என்ற ஒரே கம்பெனியிலிருந்து வெளியே வந்தவர்கள். 1981ல் ஐபிஎம் தன் பர்சனல் கம்ப்யூட்டரில் இன்டெல் சில்லைப் போட்டபோது, ஒரே இடத்தை நம்பி இருக்கக்கூடாது, இன்னொருவரும் தயாரிக்க வேண்டும் என்று வற்புறுத்தியது. அப்படி 1982ல் ஒப்பந்தம் போட்டு உள்ளே வந்ததுதான் ஏஎம்டி. பிற்பாடு இருவரும் கோர்ட் வாசலில் வருஷக்கணக்கில் நின்றது தனிக்கதை.

பென்டியம் உருவாக்கத்தில் முன்னின்ற வினோத் தாம் நம் இந்தியர், புனேயில் பிறந்தவர். அவர் 1995ல் இன்டெலை விட்டு நெக்ஸ்ஜென் என்ற சிறு கம்பெனிக்குப் போனார். அதை ஏஎம்டி வாங்கியது. 1997ல் பென்டியத்துக்குப் போட்டியாக வந்த கே6 அங்கிருந்து பிறந்ததுதான். நான் பூஜித்த பென்டியத்துக்கும், "டூப்ளிகேட்" என்று ஒதுக்கியதற்கும் ஒரே மனிதர் பாடுபட்டிருக்கிறார்!

அந்த ஸ்டிக்கர்? 1991ல் இன்டெல் ஆரம்பித்த விளம்பரத் திட்டம். முத்திரையைப் போட்டு விளம்பரம் செய்யும் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு விளம்பரச் செலவில் ஒரு பங்கை இன்டெல் கொடுத்தது. அது விளம்பரம், தரச் சான்றிதழ் அல்ல.

இந்த ஊர்க்காரர்களுக்குப் புரியும்படி ஓர் உதாரணம் சொல்கிறேன். அந்தக் காலத்தில் இங்கிருந்து மெட்ராஸ் போக மீட்டர் கேஜ் வண்டியில் காட்பாடி வரை போவோம். அங்கே மூட்டை முடிச்சோடு இறங்கி அகலப் பாதை வண்டிக்கு மாறுவோம். பிராசசரிலும் கேஜ் உண்டு. இன்டெலும் ஏஎம்டியும் ஒரே கேஜ். அந்தப் பாதையைப் போட்டது இன்டெல். 2003ல் அதை 64 பிட்டாக அகலப்படுத்தியது ஏஎம்டி. அடுத்த வருஷமே இன்டெலும் அதை ஏற்றுக்கொண்டது. ஆகவே குழந்தைகள் படிப்புக்கு வேண்டிய விண்டோஸ் மென்பொருள் இரண்டிலும் ஓடும்.

கேஜ் மாறுவது ஸ்னாப்டிராகன் போட்ட விண்டோஸ் லேப்டாப்பிலும், 2020 முதல் வரும் ஆப்பிளின் எம் வரிசையிலும்தான். பாட்டரி நன்றாக நிற்கும். ஆனால் பழைய பாதைக்கு எழுதின மென்பொருளை உள்ளே மொழிமாற்றி ஓட்ட வேண்டும். சில இன்ஜினீயரிங் மென்பொருள்கள் ஓடாது. கல்லூரியில் கேட்காமல் அவற்றை வாங்க வேண்டாம்.

இனி, கடையில் என்ன கேட்க வேண்டும்?

1. முழு மாடல் எண். "ஐ5", "ரைசன் 5" என்பது கோத்திரம் மாதிரி. ஆளை அது காட்டாது. ரைசன் 5 7520யு, ரைசன் 5 7640யு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். மூன்றாவது இலக்கம் 2 என்றால் 2019ல் வந்த ஜென் 2 வடிவமைப்பு. 4 என்றால் 2022ல் வந்த ஜென் 4. இன்டெலிலும் இதே சூட்சுமம்தான். "கோர் 5 120யு" பழைய 13ம் தலைமுறை வடிவமைப்பு. "கோர் அல்ட்ரா 5 125யு" வேறு, புதியது. எண்ணைக் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டு மறுநாள் போங்கள்.

2. கடைசி எழுத்து. "யு" என்றால் மின்சாரம் குறைவு, சூடும் குறைவு. "ஹெச்" என்றால் வேகம் அதிகம், பாட்டரி சீக்கிரம் இறங்கும். வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு "யு" போதும்.

3. மெமரி. இன்றைக்கு 8 ஜிபிக்குக் குறைந்து வாங்காதீர்கள்; கம்ப்யூட்டர் படிப்பு என்றால் 16 நல்லது. பின்னால் கூட்ட முடியுமா, போர்டிலேயே பற்றவைத்துவிட்டதா என்று அவசியம் கேளுங்கள். பற்றவைத்திருந்தால் என் தப்பைத் திருத்திய மாதிரி திருத்த முடியாது.

4. எஸ்எஸ்டி. இல்லை என்றால் வேண்டாம்.

5. உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ சர்வீஸ். பாகாலாவில் இருப்பவர் ஒரு ஸ்க்ரூவுக்காகச் சென்னை வர முடியாது.

பழைய லேப்டாப்பை மாணவர்களுக்குக் கொடுக்க நினைக்கும் வெளியூர் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ம் தேதியோடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11க்குப் பெரும்பாலும் இன்டெலில் 8ம் தலைமுறை, ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசை, அதற்கு மேல் வேண்டும். பார்த்துக் கொடுங்கள். வாங்கிக்கொள்ளும் குழந்தை அதை நம்பித்தான் படிக்கப் போகிறது.

கடைசியாக ஒரு விண்ணப்பம். நம் குடும்பங்களில் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் இந்தத் துறையிலேயே வேலை பார்க்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர். கிளைக்கு ஒருவர், ஜூன், ஜூலை மாதங்களில் மட்டும், லேப்டாப் வாங்கப் போகும் குடும்பத்துக்குப் போனில் பத்து நிமிஷம் ஒதுக்கினால் போதும். பண உதவியைவிட அது பெரிது. அன்றைக்கு என் மருமானுக்குத் தேவைப்பட்டது பணம் அல்ல, "மெமரி எவ்வளவு?" என்று திருப்பிக் கேட்கும் ஒரு குரல்.

பேத்தி அந்த லேப்டாப்பிலேயே நாலு வருஷத்தையும் முடித்தாள். இப்போது அவள் தம்பிக்கு வாங்க வேண்டும். மருமான் மறுபடி என்னைக் கூப்பிட்டார். "அவளைக் கேளுடா" என்று சொல்லிவிட்டேன்!