வாயில்லா ஜீவனும் நம் கணக்கில் உண்டு

(தோட்டத் தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் சிங்கப்பூரிலிருந்து வந்த தோழர் ஒருவர் ஆற்றிய உரை)

 

சங்க மேடை என்றால் சம்பளம், போனஸ், வேலைநேரம் பற்றிப் பேசும் மேடை. நானோ ஆடு, மாடு, நாய், பூனை பற்றிப் பேச வந்திருக்கிறேன். “சோற்றுக்கே வழி தேடும் நமக்கு நாயும் பூனையும் ஒரு கேடா?” என்று சிலர் கேட்கலாம். கேட்கட்டும். கன்றை இழந்த பசுவின் நீதிக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்டான் மனுநீதிச் சோழன் என்ற கதையைக் கேட்டு வளர்ந்த மக்கள் நாம். அரண்மனை வாசலுக்குப் பொருந்திய நியாயம் லயத்து வாசலுக்குப் பொருந்தாதா?

இன்று நீங்கள் பண்டிகைக்குத் துணியெடுக்க வரும் தேக்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பஃபலோ ரோடு இருக்கிறது. கெர்பாவ் ரோடும் இருக்கிறது. முன்னது ஆங்கிலத்தில் எருமை. பின்னது மலாயில் எருமை. கல்கத்தாவிலிருந்து வந்து மாட்டு வாணிபம் செய்த பிலிலியோஸ் என்பவர் பெயரிலும் ஒரு தெரு உண்டு. சிராங்கூன் சாலை ஓரத்தில் ரோச்சோர் ஆற்றுத் தண்ணீரும் சதுப்பு நிலத்துப் புல்லும் இருந்தன. அதனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே மாட்டுக் கொட்டில்கள் பெருகின. மாட்டை நம்பிப் பால்காரர் வந்தார், வண்டிக்காரர் வந்தார், நம் தமிழ்க் குடும்பங்கள் ஊன்றின. பெரிய பிரசவ ஆஸ்பத்திரிக்கே கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைத் தொழுவம், என்ற பேட்டையின் பெயர்தான் அமைந்தது. 1966ஆம் ஆண்டில் மட்டும் அந்த ஆஸ்பத்திரியில் 39,000க்கு மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. எருமைத் தொழுவத்தின் பெயரை நாவில் கொண்டுதான் ஒரு நாட்டின் தலைமுறையே பிறந்தது என்றால் மிகையாகாது!

பிறகு என்ன நடந்தது? சதுப்பு வடிக்கப்பட்டது. நகராட்சியின் சுகாதாரக் கட்டுப்பாடுகள் இறுகின. 1930களோடு அந்த வட்டாரத்தில் மாட்டுத் தொழில் ஒடுங்கிற்று. இப்போது பொங்கல் நேரத்தில் அங்கே சில மாடுகளைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். குழந்தைகள் வேடிக்கை பார்க்கிறார்கள். ஊரை உண்டாக்கிய ஜீவன் இன்று ஊருக்கு விருந்தாளி!

தோழர்களே, ரப்பருக்கும் இதே கதைதான். 1877இல் 22 நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அங்குள்ள பூந்தோட்டத்தில் ரிட்லி என்பவர் மரத்தைக் கொல்லாமல் பட்டை சீவிப் பால் எடுக்கும் வழியைக் கண்டு சொன்னார். நீங்கள் விடியலில் உளி பிடிக்கும் தொழிலின் பிறப்பிடம் அதுதான். ரப்பரும் அன்னாசியும் பயிரிட்டுப் பெரும் செல்வரான லிம் நீ சூன் பெயரைத் தாங்கிய வட்டாரம் இன்று ஈசூன் என்னும் அடுக்குமாடி நகரம். மரம் நின்ற இடத்தில் மாடி நிற்கிறது.

மாடி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960இல் தொடங்கியது. 1961இல் புக்கிட் ஹோ சுவீ குடிசைகள் தீயில் வெந்தபோது ஆயிரக்கணக்கானோர் நடுத்தெருவில் நின்றார்கள். குழாய்த் தண்ணீரும் மின்விளக்கும் உறுதியான கூரையும் ஏழைக்குக் கிடைத்தது பெரும் பேறு. ஆனால் கம்பத்திலிருந்து மாடிக்கு ஏறிய குடும்பம் கோழிக்கூட்டைக் கீழே விட்டது, ஆட்டை விற்றது, நாயை விட்டுவிட்டுப் போனது.

எங்கள் வீட்டிலும் அது நடந்தது. என் தகப்பனார் பால்வெட்டுக்காரர். மணி என்று ஒரு நாய். பெரட்டுக்குப் போகும்போது முன்னால் ஓடும். நிரையில் பாம்பு கிடந்தால் குரைத்து நிறுத்தும். தோட்டம் கைமாறி, நாங்கள் வீடு காலி செய்து லாரி ஏறிய அன்று அதற்கு இடமில்லை. பக்கத்து லயத்து அக்கா சோறு போடுவதாகச் சொன்னார். எங்கள் காலி வீட்டு வாசலை விட்டு அது எழுந்திருக்கவே இல்லையாம். இருபது நாள் கழித்துச் செய்தி வந்தது. அன்று என் தகப்பனார் சாப்பிடவில்லை. “நாய்க்காகவா?” என்று கேட்டவருக்கு அவர் பதிலும் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்கு என்ன பெயர் என்று எனக்கு அப்போது தெரியாது. இப்போது தெரியும். துக்கம்தான் அதற்குப் பெயர்.

விதிகள் மாறவே மாட்டா என்று எண்ணாதீர்கள். கழக வீடுகளில் பூனை வளர்க்கக் கூடாது என்ற தடை 1989 முதல் இருந்தது. மக்கள் ஒளித்து வளர்த்தார்கள். இதற்கிடையே 2015, 2016 ஆண்டுகளில் அதே ஈசூனில் பல பூனைகள் கொல்லப்பட்டுக் கிடந்தன. அண்டை வீட்டார் கூடி இரவுக் காவல் சுற்றினார்கள். கேட்டார்கள், எழுதினார்கள், விடாமல் பேசினார்கள். 2024 செப்டம்பர் 1 முதல் உரிமம் பெற்று ஒரு வீட்டில் இரண்டு பூனை வளர்க்கலாம் என்று ஆயிற்று. சாதாரணக் குடிமக்கள் பேசியே ஒரு விதியை மாற்றினார்கள். சங்கம் நடத்தும் நமக்கு இதில் பாடம் இல்லையா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஞாயிறு மாலையில் தேக்காவில் கூடும் நம் தமிழக இளைஞர்களைப் பாருங்கள். கட்டடம் கட்டுகிறார்கள், விடுதியில் படுக்கிறார்கள். 2013 டிசம்பர் 8 அன்று அவர்களுள் ஒருவர் பேருந்தின் கீழ் அகப்பட்டு மாண்டார். அன்றிரவு கலவரம் மூண்டது. கலவரத்தை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஊரில் அவருக்காகக் காத்திருந்த வீட்டை எத்தனை பேர் நினைத்தோம்? 2020இல் நோய் பரவியபோது மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் விடுதிகளிலேயே அடைபட்டுக் கிடந்தனர். ஊரில் தாய் இறந்த செய்தி வந்தால் கட்டிலில் உட்கார்ந்து அழுவதைத் தவிர வழியில்லை. மனிதனையும் விலங்கையும் ஒரு தட்டில் வைத்து நான் நிறுக்கவில்லை. உழைப்பாளியின் துக்கத்தைச் சிறிதென்று ஒதுக்கும் பழக்கம் நாயில் தொடங்கி மனிதனில் போய் முடிகிறது என்றுதான் சொல்கிறேன்.

தோட்டத் துண்டாடல் காலம் முதல் நீங்கள் கண்டதுதான். தோட்டம் விற்றால் இழப்பீடு உண்டு. மலேசியாவில் 1980ஆம் ஆண்டு விதிகளின்படி ஐந்தாண்டும் அதற்கு மேலும் உழைத்தவருக்கு ஆண்டு ஒன்றுக்கு 20 நாள் சம்பளம். கிராணிமார் அதைச் சரியாகக் கணக்கிட்டு விடுவார்கள். ஆனால் பால் கறந்து பிள்ளையின் பள்ளிச் செலவைத் தாங்கிய பசு எந்தப் பத்தியில் வருகிறது? அவசரத்தில் அரை விலைக்கு மாட்டை விற்றவன் நஷ்டத்தை யார் எழுதினார்கள்?

ஆகவே மூன்று வேண்டுகோள். தோட்டம் கைமாறும் பேச்சு எழுந்த உடனே, வீட்டுக்கு வீடு எத்தனை ஆடு, மாடு என்று கிளை பதிவு செய்யட்டும். அவற்றை நியாய விலைக்கு விற்கவோ, வேறிடம் கொண்டு செல்லவோ போதிய அவகாசம் வேண்டுமென்று பேச்சுவார்த்தை மேசையில் கேட்கட்டும். மூன்றாவது, நமக்கு நாமே செய்ய வேண்டியது: நாயை அநாதையாக விட்டுப் போகாமல், வளர்ப்பவர் ஒருவரைத் தேடிக் கையில் ஒப்படையுங்கள்.

கூலி உயர்வுக்குப் போராடும் நாம், வாசலில் நம்மை நம்பிக் கிடக்கும் உயிரையும் மறவாதவர்கள் என்று நாளை நம் பிள்ளைகள் சொல்லட்டும்.