திரையும் தமிழ் பேசட்டும்

(ஓசூரில் தொழிலாளர் நடுவில் ஆற்றிய உரை)



சூசூவாடி எல்லையைத் தாண்டினால் அத்திப்பள்ளி. அதற்கும் அப்பால் உலகுக்கெல்லாம் மென்பொருள் எழுதித் தரும் பெங்களூர் மின்னணு நகரம். எல்லைக்கு இப்பால், சிப்காட்டுத் தொழிற்பேட்டையில், நம் பிள்ளைகள் நின்று வேலை செய்யும் பொறிகளின் திரையிலோ ஒரு தமிழெழுத்தும் காணோம்!

என்னிடம் பயின்றவன் ஒருவன் இங்குள்ள தொழிலகம் ஒன்றில் கணினிக் கடைசல் பொறியை இயக்குகிறான். ஒருநாள் திரையில் செந்நிறத்தில் ஓர் ஆங்கிலத் தொடர் தோன்றியது. குளிர்நீர்மம் குறைந்துவிட்டது என்பது அதன் பொருள். அவனுக்கு விளங்கவில்லை. பொறியைத் தொடர்ந்து ஓட்டினான். வெட்டும் உளி கெட்டது. கூலியில் பிடித்தம் செய்தார்கள். “படிக்கத் தெரியாதா?” என்றும் கேட்டார்களாம். ஐயா, என் வகுப்பில் தமிழை அவனைப்போல் பிழையறப் படித்தவன் வேறொருவன் இல்லை!

தொழிலகத்தில் வைக்கும் அறிவிப்புகள் ஆங்கிலத்தோடு, தொழிலாளருள் பெரும்பாலோர்க்கு விளங்கும் மொழியிலும் இருத்தல் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வரையறுத்தது. அச்சட்டம் எழுதியோர் சுவரை அறிவர், திரையை அறியார். இன்று ஆளைக் காக்கும் எச்சரிக்கை சுவரில் வருவதைவிடத் திரையில் வருவதே மிகுதி. சுவருக்குரிய முறை திரைக்கு ஏன் கூடாது?

கணினிக்குத் தமிழ் ஒத்துவராது என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் 1985இலேயே முரசு மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி 1995இல் தமிழை இணையத்தில் ஏற்றினார். 1999 பிப்பிரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின் வழியே தமிழ்99 விசைப்பலகை வந்தது. கட்டற்ற மென்பொருளாகிய இலினக்சின் திரைச்சொற்களை ஊதியம் பெறாமலே தமிழாக்கிய இளைஞர் பலர்.

குறை இல்லாமலும் இல்லை. மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் ஆகும் என்பது நம் இலக்கணம். ஒருங்குறியிலோ ‘க’ முதலில் நிற்கிறது. அதன்மேல் புள்ளி ஏறிய பிறகே ‘க்’ பிறக்கிறது. குழந்தை தாயைப் பெற்ற கதை! நம்மைக் கேளாமல், இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவென வகுத்த அச்சில் தமிழையும் வார்த்ததன் விளைவு இது. ஒவ்வோர் எழுத்துக்கும் தனி இடம் தரும் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தை, ஒருங்குறியோடு சேர்த்துத் தமிழக அரசு 2010 சூனில் ஏற்றது. ஆயினும் உலகம் ஒருங்குறி வழியே சென்றுவிட்டது. என் மனம் இன்னும் ஒப்பவில்லை. எனினும் குறை தீரட்டும் என்று காத்திருந்தால் ஒரு தலைமுறை கைநழுவிப்போகும் என்பதால் அதிலேயே எழுதுகிறேன்.

கம்போடியாவைப் பாருங்கள். அவர்களின் கெமர் எழுத்து, காஞ்சியிலிருந்து ஆண்ட பல்லவர் எழுத்தின் வழிவந்தது. நெடும்போரில் நொந்த சிறுநாடு. பெருநிறுவனங்கள் வரட்டும் என்று இருந்துவிடாமல், கட்டற்ற மென்பொருள்களை எடுத்துத் தம் மொழியில் பெயர்த்துக்கொண்டார்கள். நாமோ கணிப்பொறியா, கணினியா, கணிணியா என்று எத்தனை மாலைப்பொழுதுகளை வீணாக்கினோம்! அவ்வழக்காடியவருள் நானும் ஒருவன்.

அந்த மாணவன் அண்மையில் ஒரு குறிப்பேட்டைக் கொணர்ந்து காட்டினான். பிடித்தம் நேர்ந்த மறுநாள் தொடங்கியதாம். இடப்பக்கம் திரையில் வரும் ஆங்கிலச் சொல். வலப்பக்கம் அவன் கேட்டறிந்த பொருள்: ‘தண்ணி பத்தல’, ‘கதவு தெறந்திருக்கு’, ‘சுத்துற தண்டுல பாரம் சாஸ்தி’. திருத்தச் சிவப்பு மை எடுத்தேன். பிறகு மூடி வைத்துவிட்டேன். ‘சாஸ்தி’யை மட்டும் ‘மிகுதி’ ஆக்கச் சொன்னேன், சிரித்தான்.

அதில் 53 தொடர்கள் உள்ளன. உங்கள் பொறிகளில் வேறு பல இருக்கும். அடுத்த ஞாயிறு மாலை இதே இடத்தில் கூடுகிறோம். திரையில் கண்டதை அப்படியே எழுதி வாருங்கள். பொருளை நீங்கள் சொல்லுங்கள், சொல்லைச் சேர்ந்து ஆக்குவோம். பட்டியல் முடிந்ததும் தொழிலக மேலாளரிடம் யார் யார் கொண்டு செல்வது என்பதையும் அன்றே முடிவு செய்வோம்.