கொழும்புக் கரையின் மாளிகையும் குலசைக் கரையின் நாளையும்



குலசை என்று நாம் அழைக்கும் குலசேகரன்பட்டினத்துக் கரையிலிருந்து தென்கிழக்கே சுமார் 250 கிலோமீட்டர் கடலைத் தாண்டினால் கொழும்பு. அங்கே காலி முகத்திடலின் தென்கோடியில், அலைச்சாரல் முற்றத்தில் தெறிக்கும் தூரத்தில், 1864-ஆம் ஆண்டு முதல் ஒரு மாளிகை நிற்கிறது. அதுதான் கால்ஃபேஸ் ஹோட்டல். சூயஸுக்குக் கிழக்கே இருக்கும் மிகப் பழைய ஹோட்டல்களில் அதுவும் ஒன்று. இளவரசர்களும் கோடீஸ்வரர்களும் தங்கிய அந்த இடத்தின் வரலாற்றை இந்த மேடையில் எதற்காகப் பேச வேண்டும்? அந்த ஹோட்டல் பிறந்ததும் வளர்ந்ததும் கடலால். அந்தக் கடலின் இக்கரையில்தான் நம் ஊர் இருக்கிறது. இப்போது நம் கரைக்கும் உலகம் வரத் தொடங்கியிருக்கிறது. ஒரு கரை யாருக்கு உரியது என்ற கேள்வியைக் கொழும்பு 160 ஆண்டுகளாகச் சந்தித்து வருகிறது. அந்த அனுபவம் குலசைக்கு வேண்டும்.

ஹோட்டலுக்கு முன்பே திடல் வந்துவிட்டது. இலங்கை ஆளுநராக இருந்த சர் ஹென்றி வார்டு 1859-இல் கடலோரமாக ஒரு நடைபாதையை அமைத்து முடித்தார். கொழும்பின் பெண்களுக்காகவும் குழந்தைகளுக்காகவும் இதைக் காத்துவர வேண்டும் என்று தமக்குப் பின் வரும் ஆளுநர்களைக் கேட்டுக்கொண்டு கல்வெட்டும் வைத்தார். அடுத்த ஆண்டே அவர் சென்னை ஆளுநராக மாற்றலாகி வந்தார். வந்த சில வாரங்களில், 1860 ஆகஸ்டில், சென்னையிலேயே காலராவுக்குப் பலியானார். அவர் போய்விட்டார், அவர் வைத்த வேண்டுகோள் நின்றது. திடல் இன்றும் திடலாகவே இருக்கிறது.

அந்தத் திடலின் ஓரத்தில் டச்சுக்காரர் காலத்து மாளிகை ஒன்று இருந்தது. ஆங்கிலேய வணிகர்கள் நால்வர் அதை எடுத்து ஹோட்டலாக்கினார்கள். அப்போது இலங்கை மலைகளில் காப்பி கொழித்த காலம். கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில்பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள், 1867-இல் ரயில் கண்டியை எட்டியது. மலையிலிருந்து இறங்கி வரும் தோட்டத் துரைமார்களுக்கும், கப்பலுக்குக் காத்திருப்பவர்களுக்கும் தங்க இடம் தேவைப்பட்டது.

ஆனால் அந்த ஹோட்டலைப் பெரிதாக்கியது காப்பி அல்ல. 1869-இல் இரண்டு சம்பவங்கள் நடந்தன. அந்த நவம்பரில் சூயஸ் கால்வாய் திறந்தது. அதே ஆண்டில்தான் காப்பி இலையில் துரு நோய் கண்டது, அடுத்த இருபது ஆண்டுகளில் காப்பித் தோட்டங்கள் அழிந்து தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. ஐரோப்பாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கும் சீனாவுக்கும் போகும் நீராவிக் கப்பல்கள் எல்லாம் இலங்கை வழியே வந்தன. அதுவரை அவை காலித் துறைமுகத்தில்தான் நின்றன. கொழும்பில் கப்பலை அணைத்துக்கொள்ள அலைத்தடுப்புச் சுவர் கிடையாது. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அதற்கு அடிக்கல் நாட்டினார். 1885-இல் சுவர் முடிந்தது. கப்பல்கள் காலியை விட்டுக் கொழும்புக்கு மாறின. கால்ஃபேஸ் ஹோட்டலும் வளர்ந்தது. 1894-இல் கட்டடக் கலைஞர் எட்வர்டு ஸ்கின்னரின் வடிவமைப்பில் விரிவடைந்து, இன்று நாம் படங்களில் பார்க்கும் தோற்றத்தைப் பெற்றது.

ஒரு கல் சுவர் ஒரு துறைமுகத்தின் தலையெழுத்தை மாற்றியது. துறைமுகம் ஒரு ஹோட்டலின் தலையெழுத்தை மாற்றியது.

அவையோரே, இதே காலத்தில் இக்கரையில் என்ன நடந்தது? 1876-இல் ரயில் தூத்துக்குடியை எட்டியது. சென்னையில் போட் மெயில் ஏறி, தூத்துக்குடியில் இறங்கி, கப்பல் பிடித்துக் கொழும்பு போகலாம் என்றானது. பாண்டிச் சீமையிலிருந்தும் நெல்லைச் சீமையிலிருந்தும் ஆயிரமாயிரம் பேர் அந்த வழியாகப் போனார்கள். தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற கூலிக் குடும்பங்களைத் தூத்துக்குடியை அடுத்த தட்டப்பாறை முகாமில் நிறுத்தி, நோய் இருக்கிறதா என்று சோதித்த பிறகே கப்பலில் ஏற்றினார்கள். கங்காணியின் கையில் பெயர்ப்பட்டியல். குழந்தையின் கையைப் பிடித்தபடி, மூட்டையைத் தலையில் வைத்தபடி, மேல்தட்டில் வெயிலிலும் சாரலிலும் உட்கார்ந்துதான் பயணம். அதே கொழும்புத் துறைமுகத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த கப்பலின் முதல் வகுப்புப் பயணி இறங்கினார். அவருக்கு வண்டி காத்திருந்தது, கடலைப் பார்த்த அறை காத்திருந்தது. அவர் கோப்பையில் இருந்த தேயிலையைக் கிள்ளிய விரல்கள் மேல்தட்டில் வந்தவர்களுடையவை.

அந்தக் கடல்வழியின் இலாபம் யாருக்கு என்று கேட்டவர் வ.உ.சி. 1906-இல் அவர் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கி, காலியா, லாவோ என்ற இரு கப்பல்களைத் தூத்துக்குடி–கொழும்பு வழியில் ஓட்டினார். பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தைத் தரையில் விழும் அளவுக்குக் குறைத்துப் போட்டி போட்டது. 1908-இல் அரசு அவரைச் சிறையில் தள்ளியது. கம்பெனி முடங்கியது.

குலசையும் அந்த நாட்களில் துறைமுகம்தான். மாறவர்மன் குலசேகர பாண்டியன் பெயரைத் தாங்கிய இந்தப் பட்டினத்தில் உப்பு விளைந்தது. தேரிக்காட்டுப் பனையிலிருந்து இறங்கிய பதநீர் கருப்பட்டியானது. அந்தக் கருப்பட்டியைக் கொண்டு சர்க்கரை தயாரிக்க பாரி கம்பெனி இங்கே ஆலை நடத்தியது. சரக்கு ஏற்றவும் ஆள் ஏற்றவும் திருச்செந்தூரையும் குலசையையும் திசையன்விளையையும் இணைத்து ஒரு குறுகிய இருப்புப்பாதை போட்டார்கள். முதல் உலகப்போர்க் காலத்தில் ஓடத் தொடங்கிய அந்தச் சின்ன ரயில் 1940-இல் நின்றது. தண்டவாளம் பெயர்ந்தது. கொழும்புக்குக் கிடைத்த கல் சுவர் குலசைக்குக் கிடைக்கவில்லை, கப்பல்களும் வேறு துறைகளுக்குப் போய்விட்டன.

கரையில் விளைந்த உப்பும் ஊர்மக்களுடையதாக இல்லை. 1942-இல் ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டம் இந்த ஊருக்கு வந்தபோது, அது வந்து நின்ற இடம் உப்பளம். அங்கே லோன் என்ற வெள்ளை அதிகாரி கொல்லப்பட்டார். குலசேகரன்பட்டினம் சதி வழக்கு என்று வரலாற்றில் இடம்பெற்ற அந்த வழக்கில் காசிராஜன், ராஜகோபாலன் ஆகிய இருவருக்கும் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அதிலிருந்து மீண்டு வந்தார்கள்.

அதே 1942-இல் கொழும்பு ஹோட்டலில் ஒரு மலையாள இளைஞர் வேலைக்குச் சேர்ந்தார். கொட்டாரப்பட்டு சாத்து குட்டன் என்பது அவர் பெயர். கேரளத்திலிருந்து பிழைக்கப் போனவர். பின்னாளில் வாசல்காப்பாளரானார். தூய வெள்ளைச் சீருடை, நரைத்துத் தடித்த மீசை, வருவோரை எல்லாம் கைகூப்பி வரவேற்கும் அந்த நிமிர்ந்த உருவம், ஹோட்டலின் முகமே அதுதான் என்று ஆனது. 72 ஆண்டுகள் அதே இடத்தில் பணியாற்றி, 2014 நவம்பரில், 94-ஆவது வயதில் காலமானார். உலகப் பத்திரிகைகள் அவருக்கு இரங்கல் எழுதின. முதலாளிகள் மாறினார்கள், ஆட்சி மாறியது, நாட்டின் பெயரே மாறியது. கும்பிட்ட அந்தக் கை மாறவில்லை. கடல் கடந்து போன தொழிலாளிகளில் உலகம் பெயர் சொல்லி அறிந்தவர் அபூர்வம். சமையல்கட்டில் நின்றவர்கள், துணி வெளுத்தவர்கள், அறை கூட்டியவர்கள், பங்கா இழுத்தவர்கள் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

இனி ஹோட்டலுக்கு வெளியே வாருங்கள். அறையில் தங்கிய பணக்காரர் பார்த்த அதே சூரிய அஸ்தமனத்தைத் திடலில் ஒரு சுமைதூக்கும் தொழிலாளி காசு கொடுக்காமல் பார்க்கலாம். மாலையானால் பட்டம் விடும் பிள்ளைகள், குடும்பம் குடும்பமாய்க் காற்று வாங்க வருபவர்கள், அவர்களுக்கு நடுவே தள்ளுவண்டிகள். அந்த வண்டிகளில் விற்கும் இஸ்ஸோ வடையைப் பாருங்கள். நம் பருப்பு வடை மாவைத் தட்டி, அதன் தலையில் ஓடு நீக்காத இறாலைப் பதித்து, காய்ந்த எண்ணெயில் பொரித்து, வெங்காயமும் காரக் குழம்பும் ஊற்றித் தருவார்கள். காலி முகத்திடலின் அடையாளம் அந்த ஹோட்டல் மட்டுமல்ல, அந்த வடையும்தான்.

திடல் திறந்து கிடந்ததால்தான் அது அரசியலுக்கும் களமானது. 1956 ஜூன் 5 அன்று, சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கும் சட்டத்தை எதிர்த்து, தந்தை செல்வா தலைமையில் தமிழ்த் தலைவர்கள் சத்தியாகிரகம் செய்ய வந்து அமர்ந்தது அந்தப் புல்தரையில்தான். அங்கேயே அவர்கள் தாக்கப்பட்டார்கள். 2022 ஏப்ரலில் பொருளாதாரம் நொறுங்கி, எரிவாயுவுக்கும் பெட்ரோலுக்கும் வரிசையில் நின்று களைத்த இளைஞர்கள், சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களுமாகக் கூடாரம் அடித்ததும் அங்கேதான். அந்த ஜூலையில் குடியரசுத் தலைவர் நாட்டை விட்டே ஓடினார். வேலி போட்ட கரையாக அது இருந்திருந்தால் இவற்றில் ஒன்றும் அங்கே நடந்திருக்காது.

மற்ற கரைகளுக்கு நேர்ந்ததையும் பார்க்க வேண்டும். 1887-இல் சார்க்கிஸ் சகோதரர்கள் என்ற ஆர்மீனியர்கள் சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் ஹோட்டலைத் திறந்தபோது அது கடலைப் பார்த்து நின்றது. அந்தத் தெருவுக்குப் பெயர் பீச் ரோடு. பிறகு கடலைத் தூர்த்துத் தூர்த்து நகரம் வளர்ந்தது. ஹோட்டல் அங்கேயே இருக்கிறது, தெருவின் பெயரும் இருக்கிறது, கடலைத்தான் காணோம். கொழும்பிலும் 2014-இல் தொடங்கிய துறைமுக நகரத் திட்டம் திடலுக்கு வடக்கே 269 ஹெக்டேர் கடலை நிலமாக்கியிருக்கிறது. கரையோர ஹோட்டல் ஊருக்குத் துணை நின்ற கதையும் உண்டு. மும்பையில் ஜாம்ஷெட்ஜி டாடா 1903-இல் திறந்த தாஜ்மகால் ஹோட்டல், ஓர் இந்தியரின் துணிவால் எழுந்தது. முதல் உலகப்போரில் அது காயம்பட்ட வீரர்களுக்கு மருத்துவமனையானது. 2008-இல் பயங்கரவாதிகள் அதைத் தாக்கியபோது, விருந்தினர்களைக் காப்பாற்ற நின்று உயிர்விட்டவர்களில் அதன் பணியாளர்களும் இருந்தார்கள்.

அவையோரே, இப்போது நம் ஊருக்கு வருவோம். 2024 பிப்ரவரி 28 அன்று இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்குக் குலசையில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஏன் குலசை? ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட், இலங்கைக்கு மேலே பறக்காமல் இருக்க வழியில் வளைந்து திரும்ப வேண்டும். அந்த வளைவுக்கு எரிபொருள் செலவாகிறது, சுமக்கும் எடை குறைகிறது. குலசையிலிருந்து கிளம்பினால் தெற்கே நேராகக் கடல், நிலமே குறுக்கிடாது. 500 கிலோ எடையை 500 கிலோமீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோகும் எஸ்.எஸ்.எல்.வி. போன்ற சிறிய ராக்கெட்டுக்கு ஒவ்வொரு கிலோவும் பெரிது.

விண்வெளிக்கும் அந்தக் கொழும்பு ஹோட்டலுக்கும்கூடத் தொடர்பு உண்டு. விண்ணில் முதலில் பறந்த மனிதர் யூரி ககாரின் அதன் விருந்தினர்களில் ஒருவர். தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்களை எங்கே நிறுத்தலாம் என்று 1945-லேயே எழுதிய ஆர்தர் சி. கிளார்க் இலங்கையில் குடியேறி வாழ்ந்தவர். தம் நாவல் ஒன்றின் இறுதி அத்தியாயங்களை அவர் அந்த ஹோட்டலில் அமர்ந்துதான் எழுதினார்.

இனி குலசைக்கும் விஞ்ஞானிகள் வருவார்கள், கம்பெனிக்காரர்கள் வருவார்கள், ராக்கெட் பார்க்கக் கூட்டம் வரும். ஹோட்டல்களும் வரும். வரட்டும், வரவேற்போம். ஆனால் இந்தக் கரைக்கு ஏற்கெனவே உரிமைக்காரர்கள் இருக்கிறார்கள். முத்தாரம்மன் தசராவுக்குக் காப்புக் கட்டி, காளி வேடமும் குறத்தி வேடமும் கரடி வேடமும் போட்டு வீடு வீடாகக் காணிக்கை பெற்று வருகிற இலட்சக்கணக்கானோர், பத்தாம் நாள் இரவு மகிஷாசூரசம்ஹாரம் காணக் கூடுவது இந்தக் கடற்கரையில்தான். விடியுமுன் படகு தள்ளுகிற மீனவர்கள் வலை உலர்த்துவதும் இந்த மணலில்தான். கொழும்புக்கு ஒரு திடல் என்றால், குலசைக்கு இந்தக் கரைதான் திடல்.

ஆகவே இந்த அவை மூன்று தீர்மானங்களை நிறைவேற்றி உரிய அதிகாரிகளிடம் கொடுக்க வேண்டும். ஒன்று, சம்ஹாரம் நடக்கும் கடற்கரையும் படகுத்துறையும் பொதுக்கரை என்று வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டும். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளின்படி, உயர் அலைக்கோட்டிலிருந்து கட்டடம் கூடாத தூரம் முன்பு 200 மீட்டராக இருந்தது. 2019 அறிவிக்கை மக்கள் நெருக்கம் மிகுந்த ஊர்ப்புறங்களில் அதை 50 மீட்டராகக் குறைத்திருக்கிறது. எந்த அளவுகோல் குலசைக்குப் பொருந்தும் என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்க வேண்டும். இரண்டு, இங்கே வரும் ஹோட்டல்களில் நம் பிள்ளைகள் வாசலில் மட்டும் நிற்காமல் மேலாளர் நாற்காலியிலும் அமரும்படி, உணவக மேலாண்மைப் பயிற்சி திருச்செந்தூர் வட்டாரத்திலேயே கிடைக்க வேண்டும். மூன்று, கொழும்புக்குக் கப்பலேறிய குடும்பங்களின் கடிதங்கள், பாஸ்போர்ட்டுகள், புகைப்படங்கள், சின்ன ரயிலின் பழைய படங்கள், உப்பள வழக்கின் ஆவணங்கள் எல்லாம் ஊர் நூலகத்தில் ஓர் அலமாரியில் சேர வேண்டும். அவரவர் வீட்டுப் பெட்டியைத் திறந்து தேடுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வருகிற தசராவுக்குக் காப்புக் கட்டும் முன் முதல் தொகுப்பு நூலகத்துக்கு வந்து சேரட்டும்.