வட்டியும் வாயும்



"சேமிப்பைப் பத்திப் பேசுங்கக்கா"ன்னு சொன்னாங்க. உங்களுக்குச் சேமிப்பைச் சொல்லித்தர நான் யாரு? அரிசிப் பானைக்குள்ள பத்து ரூபாயை ஒளிச்சு வைக்க நமக்கு எந்தப் பயிற்சியும் தேவைப்படல. 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் தொடங்கினப்போ, அந்தப் பானைப் பணம்தான் வெளியே வந்து நோட்டுல ஏறுச்சு. அதனால நான் பேசப்போறது நம்ம வாயைப் பத்தி.

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. எங்க குழுவுல 5,000 ரூபாய் உள்கடன் வாங்கினா, நூத்துக்கு ஒரு ரூபாய் வீதம் மாசம் 50 ரூபாய் வட்டி. அதுவும் நம்ம குழுப் பணத்தோடவே சேருது. அதே 5,000-ஐ வெளியில பத்து வட்டிக்கு வாங்கினா மாசம் 500. முதல் மாச வட்டியைப் பிடிச்சுக்கிட்டு 4,500தான் கையில தருவாங்க. எது லாபம்னு அஞ்சாங்கிளாஸ் பிள்ளையே சொல்லிடும். ஆனாலும் குழுவுல உறுப்பினரா இருந்துக்கிட்டே வட்டிக்காரர்கிட்டயும் போறவங்க நமக்குள்ள இருக்காங்க. குழுவுல பணம் இல்லாத நாள்ல போனா சரி. பணம் இருக்கிற நாள்லயும் போறாங்களே, ஏன்?

ஒரு அக்காகிட்ட இதைக் கேட்டேன். "வட்டிக்காரன் வட்டி மட்டுந்தான் கேக்கறான். இங்க வந்தா, போன வாரந்தானே புதுச்சேலை எடுத்தேன்னு கேக்கறாங்க" அப்படின்னாங்க.

அந்தச் சேலை அவங்க அண்ணன் வீட்டுச் சீர். அதை ஊருக்கெல்லாம் விளக்கிக்கிட்டு நிக்க அவங்களுக்கு மனசில்ல. 50-க்கும் 500-க்கும் நடுவுல இருக்கிற 450 ரூபாய், அந்த ஒரு கேள்விக்கு மாசாமாசம் கட்டின அபராதம். கேட்டவங்க கட்டல, பதில் சொல்ல முடியாதவங்க கட்டினாங்க.

நம்ம கண்ணும் ஒரு விசித்திரமான கண்ணுதான். அடுத்தவங்க புதுக்கொலுசு தெருமுனையில வரும்போதே தெரிஞ்சிடும். அவங்க காதுத்தோடு அடகுக்குப் போனது பக்கத்துல உட்கார்ந்திருந்தாலும் தெரியாது.

அதுக்காகக் கேள்வியே கேக்காம கடன் கொடுங்கன்னு சொல்லல. அது எல்லார் பணமும்தான், கேட்டே ஆகணும். ஆனா கேக்கப்போற கேள்வியைத் தீர்மானப் புத்தகத்துல எழுத முடியுமான்னு ஒரு நிமிஷம் யோசிங்க. "கறவை மாடு வாங்க 20,000 ரூபாய், பால் பணத்தில் மாதம் 2,000 ரூபாய் வீதம் திருப்பிச் செலுத்துவார்" - தாராளமா எழுதலாம். "உறுப்பினரின் சேலை குறித்து விவாதிக்கப்பட்டது" - எழுதிப் பாருங்க, தணிக்கைக்கு வர்றவர் சிரிச்சே கணக்கை மறந்துடுவாரு!

தவணை தவறினவங்க விஷயமும் இப்படித்தான். முதல் வாரம் கூட்டத்துக்கு லேட்டா வருவாங்க. அடுத்த வாரம் பிள்ளையை அனுப்புவாங்க. மூணாவது வாரம் தலைவலி. அதுக்கப்புறம் நம்மள பார்த்தா கோயில் தெரு வழியா சுத்திப் போவாங்க. கையில காசு இல்லாதவங்க கடனுக்குப் பயந்து ஓடறதில்ல, நம்ம முகத்துக்குப் பயந்து ஓடறாங்க. கட்ட முடிஞ்சும் கட்டாதவங்க ஓடவே மாட்டாங்க. முதல் வரிசையில உட்கார்ந்து, "குழுன்னா ஒரு கட்டுப்பாடு வேணும்"னு நமக்கே வகுப்பெடுப்பாங்க. அவங்களுக்கு இரக்கம் காட்டச் சொல்லி நான் கேக்கல. இந்த ரெண்டு பேரையும் ஒரே தராசுல நிறுத்தாதீங்கன்னுதான் சொல்றேன்.

அப்புறம் இந்த வசூலுக்குப் போற வேலை. அஞ்சு பேரா திரண்டு வாசல்ல நின்னா தவணை வராது, பக்கத்து வீட்டுக்காரங்கதான் வருவாங்க. எங்க குழுவுல ஒரு தங்கச்சி வீட்டுக்காரர் மரத்துல இருந்து விழுந்து படுத்துட்டாரு. நாலு வாரமா அவ வரல. ஒரே ஒருத்தர் மட்டும் பொழுது சாஞ்சு போய் அடுப்படியில உட்கார்ந்து பேசிட்டு வந்தாங்க. அடுத்த கூட்டத்துல, பாக்கி 3,800 ரூபாயை வாரம் 100 ரூபாய் வீதம் கட்டலாம்னு தீர்மானம் எழுதினோம். 38 வாரம், ஒரு வாரம் தவறல. இன்னைக்கு அவதான் எங்க குழுப் பிரதிநிதி. அதோ அங்கதான் உட்கார்ந்திருக்கா. பேரைச் சொன்னா திரும்பிப் போகும்போது பஸ்ஸுல எனக்கு இடம் போடமாட்டா.

சாப்பாட்டு வாசனை வந்தாச்சு, இனிமே நான் பேசினா நீங்க என்னைத் திட்டுவீங்க. ஊருக்குப் போனதும் வருகைப் பதிவேட்டை ஒருதடவை புரட்டிப் பாருங்க. தொடர்ந்து மூணு கூட்டத்துக்கு வராத பேரு ஏதாவது இருந்தா, இந்த வாரமே அந்த வீட்டுக்குப் போய்ட்டு வாங்க. ஒருத்தர் மட்டும் போங்க.