பைலட் கனவு: சொந்தப் பணமா, ஸ்பான்சர்ஷிப்புக்குக் காத்திருப்பா?

(இளைஞர் வழிகாட்டல் கூட்டத்தில் நமது ஐடி விங் தன்னார்வலர் பேசியதன் எழுத்து வடிவம்)



பைலட் ஆக ஆசைப்படுற தம்பி, தங்கைகள் நம்மகிட்ட கேட்கிற கேள்வி ஒன்றுதான். "வீட்டை அடமானம் வச்சுப் படிக்கலாமா, இல்ல ஏர்லைன்ஸ் ஸ்பான்சர் பண்ணும் வரை காத்திருக்கலாமா?"

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்குவோம். பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2023-ல் அறிவித்த திட்டத்தில் பயிற்சிச் செலவை நிறுவனமே ஏற்கிறது. நம்ம ஊர் 'கேடட் பைலட் புரோகிராம்' அப்படி இல்லை. உங்களைத் தேர்வு செய்வது நிறுவனம். கட்டணம் கட்டுவது நீங்கள். அது ஒரு கோடியைத் தாண்டுவதும் உண்டு. ஆக, இங்கே முழு ஸ்பான்சர்ஷிப்பை நம்பி வருஷத்தை ஓட்டுறது, பஸ்ஸே வராத ஸ்டாப்பில் நிற்கிற மாதிரி.

அப்போ உடனே பத்திரத்தைத் தூக்கிட்டு பேங்குக்கு ஓடணுமா? வேண்டாம். செலவு குறைந்ததை முதலில் முடிங்க.

ஒன்று, மெடிக்கல். கிளாஸ் 2, பிறகு கிளாஸ் 1. நிறப் பார்வைக் குறைபாடு மாதிரி ஏதாவது இருந்தா, பணம் கட்டுறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும்.

இரண்டு, டிஜிசிஏ தேர்வுகள். ஏர் நேவிகேஷன், வானிலை, விமான விதிகள், டெக்னிக்கல். ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் வேணும். இன்ஜினியரிங் படிச்சவங்க வீட்டிலிருந்தே தயாராகலாம். வேலை பார்த்துக்கிட்டே எழுதலாம்.

மூன்று, பறத்தல். சிபிஎல் லைசென்சுக்கு 200 மணி நேரம். பயிற்சிப் பள்ளியில் எத்தனை விமானம் ஓடுது, போன பேட்ச் 200 மணி நேரத்தை முடிக்க எத்தனை மாதம் ஆச்சு என்று அங்கே படிக்கிற மாணவர்களிடமே கேளுங்க. மொத்தப் பணத்தையும் ஒரே தவணையில் கட்டாதீங்க.

லைசென்ஸ் வந்ததும் வேலை வந்துடாது. டைப் ரேட்டிங்குக்கு மேலும் பல லட்சம் ஆகும். 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றது. அனுபவமுள்ள கேப்டன்களே வேலை தேடி அலைந்த காலம் அது. வேலை தள்ளிப்போகலாம், இஎம்ஐ தள்ளிப்போகாது. அதனால கடன் வாங்குறவங்க, லைசென்ஸ் கிடைச்ச பிறகு ஒன்றிரண்டு வருஷம் வேலை இல்லைன்னாலும் வீடு தாங்குமான்னு கணக்குப் போட்டுட்டு இறங்குங்க.

இனி அரசியலுக்கு வர்றேன். கல்விக்கடன் வழக்கமாக 7.5 லட்சத்தைத் தாண்டினாலே வங்கி பிணைச் சொத்து கேட்கும். சொத்து இல்லாத வீட்டுப் பிள்ளை எங்கே போகும்? எஸ்சி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைப் பட்டியலில் சிபிஎல் படிப்பும் இருக்கு. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்கணும். தகுதி இருக்கிறவங்க, சேர்வதற்கு முன்னாடியே மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் எவ்வளவு தொகை வரும்னு எழுத்துப்பூர்வமாகக் கேளுங்க. மற்ற ஏழை மாணவர்களுக்கு? அரசு உத்தரவாதத்தோடு கடன் வேணும் என்பதே நம் கோரிக்கையாக இருக்கணும். விமானம் ஓட்ட மூளையும் கண்ணும் போதும்; வீட்டுப் பத்திரம் ஏன் தகுதியாகணும்?

காத்திருக்காதீங்க, கண்ணை மூடிக்கிட்டும் குதிக்காதீங்க. இந்த மாதமே மெடிக்கலுக்குப் பதிவு பண்ணுங்க. தேவைப்படுற தம்பி தங்கைகளுக்கு இதைப் பகிருங்க.



#பைலட்_கனவு #கல்வி_வழிகாட்டல்