மூன்றாம் நாள் வாசலுக்கு வருகிறவர்



சுருக்கமாகப் பேசச் சொல்லிக் கூட்டத் தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். அதனால் உங்களை நேரே கட்சிரோலிக்கு அழைத்துப் போகிறேன். மகாராஷ்டிரத்தின் கிழக்குக் கோடியில் உள்ள காட்டு மாவட்டம். 1990-களின் நடுவில் அங்குள்ள கிராமங்களில் பிறந்த ஆயிரம் பிள்ளைகளில் 62 பேர் ஒரு மாதம்கூடத் தாண்டவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகலாமே என்பீர்கள். போகமாட்டார்கள். பச்சை உடம்புக்காரியும் சிசுவும் வாசல்படி தாண்டுவதா?

அங்கே பணியாற்றிய டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் தம்பதியர் அந்த மக்களோடு மல்லுக்கு நிற்கவில்லை. வைத்தியத்தையே வீட்டுக்கு அனுப்பினார்கள். 39 கிராமங்களில் அந்தந்த ஊர்ப் பெண்களையே தேர்ந்தெடுத்தார்கள். பெரிய படிப்பெல்லாம் இல்லை. எடை பார்க்கவும் மூச்சை எண்ணவும் சொல்லிக்கொடுத்தார்கள். கிருமித்தொற்று கண்டால் ஜென்டாமைசின் ஊசி போடவும் பழக்கினார்கள். ஊசி என்றதும் முன்வரிசையில் இரண்டு டாக்டர்கள் நெளிகிறார்கள், நெளியட்டும். 1997-98-ல் அந்த 62, ஏறக்குறைய 25 ஆகிவிட்டது. 1999-ல் லான்செட் மருத்துவ இதழே அந்தக் கணக்கை வெளியிட்டது.

2011-ல் மத்திய அரசு இந்த வீடுதேடிப் போகும் முறையை நாடெங்கும் கொண்டுவந்தது. ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளையானாலும் 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் ஆஷா எனப்படும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர் வீடு தேடி வரவேண்டும். ஆஸ்பத்திரியில்தான் எல்லாம் பார்த்தாயிற்றே, பிறகு எதற்கு? ஐயா, டிஸ்சார்ஜ் ஆகி வந்த பிறகுதானே வீட்டு வைத்தியம் தொடங்குகிறது! சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டு என்பார் ஒருவர், சர்க்கரைத் தண்ணீர் புகட்டு என்பார் இன்னொருவர். பெற்றவள் வயிறாரச் சாப்பிட்டாளா, பிள்ளையின் உள்ளங்கால் ஜில்லென்று இருக்கிறதா, அந்த வீட்டில் யார் சொன்னால் எடுபடும்? வார்டில் நிற்கும் டாக்டருக்கு இது தெரியாது. பாயில் உட்கார்ந்து பேசுகிற பெண்ணுக்குத் தெரியும். மாமியாருக்கு வலிக்காமல் மருமகளுக்குச் சொல்லவும் அவருக்குத்தான் வரும்.

அந்த ஆறு வருகைக்கும் சேர்த்து அரசு அன்று வைத்த ஊக்கத்தொகை 250 ரூபாய். ஒரு நடைக்கு 42 ரூபாய்கூடத் தேறாது! ஓர் உயிரைக் காப்பவருக்குத் தொண்டர் பட்டம் சூட்டிவிட்டுக் கூலியைக் குறைப்பது அநியாயம்.

வீடுதேடி வரும் ஆஷா பணியாளர்களுக்கு மாதச் சம்பளமும் நிரந்தரப் பணியும் வேண்டும் என்ற தீர்மானத்தை இந்த மன்றத்தின் முன் வைக்கிறேன். ஆதரிப்பவர்கள் கையை உயர்த்துங்கள்.